செவியும் கருவியும்

இசை கேட்பதற்காகக் கருவி வாங்குவோர் பலர். கருவி வாங்குவதற்காகவே இசை கேட்போரும் உளர் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அத்தகையோர் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். நானும் சில ஆண்டுகள் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். புதிய ஒலிபெருக்கி ஒன்று வீட்டுக்கு வரும். முதல் மாதம் அதன் ஒலி அமுதமாக இனிக்கும். ஆறாம் மாதம் அதில் ஏதோ ஒரு குறை இருப்பதாகத் தோன்றும். குறை ஒலிபெருக்கியில் இல்லை, அதனை இயக்கும் ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொல்வார். ஆம்ப்ளிஃபயரை மாற்றியதும் ஒலிபெருக்கி பழையதாகிவிடும். இவ்வாறு ஒரு சுற்றுத் தொடங்கிவிட்டால் அதற்கு முடிவு காண்பது அரிது. உங்களுள் சிலர் செல்பேசியோடு இணைக்கும் இயர்போனை ஆண்டுதோறும் மாற்றுவதைக் காண்கிறேன். கருவி சிறிதாயினும் நோய் ஒன்றே.

இந்த ஆசை முழுவதும் அறியாமைதானா? அன்று. அதில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. உண்மை எதுவரை செல்கிறது, மயக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் உண்மையைக் காண்போம். தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில் போனோகிராப் என்னும் கருவியை அமைத்தார். ஓர் உருளையின்மேல் சுற்றிய மெல்லிய உலோகத்தாளில் ஊசி பதித்த தடமே அன்று மனிதக் குரலைத் தாங்கி நின்றது. 1887-இல் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டைக் கையாண்டார். கிராமபோன் இசைத்தட்டு அதிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் பாடகர் ஒரு பெரிய கொம்பின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். குரலின் அதிர்வே நேராக ஊசியை அசைத்தது. 1925-இல் மைக்ரோபோனும் மின்பெருக்கமும் ஒலிப்பதிவுக்குத் துணைவந்தன. மெல்லிய குரலும் தாழ்ந்த முழக்கமும் அதன்பின்னரே தட்டில் நன்கு ஏறின. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நீண்ட இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ முறையே சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாடியது. 1950-களின் இறுதியில் இருதட ஒலிப்பதிவாகிய ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்தன. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட்டும், 1982-இல் குறுந்தகடும் வந்தன.

இவை ஒவ்வொன்றும் மெய்யான முன்னேற்றம். கீறல் ஓசை குறைந்தது. கேட்கும் நேரம் நீண்டது. வீணையின் மென்மையும் மிருதங்கத்தின் ஆழமும் வீட்டுக்குள் வந்தன. இப்படிகளில் ஏறியவரைப் பேராசைக்காரர் என்று எவரும் பழிக்க இயலாது. எனவே, ‘அடுத்தது இன்னும் நன்றாக இருக்கும்’ என்னும் எண்ணம் ஒரு காலத்தில் அனுபவத்தால் கிடைத்த நல்ல பாடமே. அந்தப் பாடத்தை எல்லையின்றி நீட்டுவதில்தான் பிழை நேர்கிறது.

நம் செவி எத்தகைய நீதிபதி என்பதற்கு ஒரு வரலாறு கூறுகிறேன். 1915-ஆம் ஆண்டு தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள், எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் ஒலிச் சோதனைக் கச்சேரிகளை நடத்திற்று. மேடையில் கிராமபோன் போன்ற கருவி ஒன்று இருக்கும். அருகில் பாடகர் நிற்பார். ஒரு முறை அவர் பாடுவார்; ஒரு முறை அவருடைய இசைத்தட்டுப் பாடும். சில வேளைகளில் அரங்கின் விளக்கை அணைத்துவிடுவர். எது மனிதக் குரல், எது கருவியின் குரல் என்று பிரித்தறிய இயலவில்லை என அவையோர் பலர் வியந்தனர். மின்சார ஒலிப்பதிவு தோன்றாத காலம் அது! அன்றைய தட்டுகளை இன்று நாம் கேட்டால், தகரக் குழாய்க்குள் யாரோ பாடுவதுபோல் இருக்கிறது. அச்சோதனைகளில் பங்குகொண்ட பாடகியருள் அன்னா கேஸ் என்பவர் ஒருவர். கருவியின் தன்மைக்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடியதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. நாம் எதனோடு ஒப்பிடுகிறோமோ அதுவே நம் அளவுகோலாகிவிடுகிறது என்பது ஒன்று. எதை எதிர்பார்க்கிறோமோ அதையே செவி கேட்க விரைகிறது என்பது மற்றொன்று. 1915-இல் அவையோரை மயக்கிய இவ்விரண்டும் இன்று கடையில் நிற்கும் நம்மையும் மயக்குகின்றன.

இனி, முன்னேற்றத்துக்கு எல்லை உண்டா என்று பார்ப்போம். மனிதச் செவி, விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை, அதாவது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைக் கேட்கும். இந்த மேல் எல்லையும் இளமையில்தான். ஓர் ஒலியை எண்களாக மாற்றிப் பதியவேண்டுமானால், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை ஒவ்வொரு விநாடியும் அதனை அளக்கவேண்டும். ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் ஆராய்ச்சிகள் தந்த விதி இது. குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. 20,000-இன் இரு மடங்கு 40,000. ஆகவே மனிதச் செவிக்கு எட்டுவன எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன.

எனினும் அதனினும் நுண்ணிய பதிவுகள் 1999-க்குப் பின் விற்பனைக்கு வந்தன. வேறுபாடு கேட்கிறதா? பிராட் மேயர், டேவிட் மோரன் என்னும் அமெரிக்கர் இருவர் இதனைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். நுண்பதிவை நேராக ஒரு முறையும், குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்து ஒரு முறையும் கேட்கச் செய்தனர். எது எது என்பது கேட்போருக்குத் தெரியாது. 554 தடவைகளில் 276 தடவை விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதே விடை கிடைத்திருக்கும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்னும் ஆய்வாளர் இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். நூற்றுக்கு 52-க்குச் சற்று மேற்பட்ட விடைகள் சரியாக இருந்தன என்றும், பயிற்சி பெற்றோர் சற்றுக் கூடுதலாக இனங்கண்டனர் என்றும் அவர் கூறினார். வேறுபாடு அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. இருந்தாலும் அது நூலிழை அளவே. அதற்குச் செலவாகும் பொருளோ கயிற்றளவு.

ஆற்றலைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 20 வாட் ஆம்ப்ளிஃபயரை மாற்றி 40 வாட் வாங்கினால் ஒலி இரு மடங்காகும் என்று எண்ணுகிறோம். செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஆற்றல் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு இரு மடங்காகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய பத்து டெசிபல் வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காகவேண்டும். சாதாரண வீட்டறையில் அளவோடு கேட்கும்போது ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஆற்றல் பெரும்பாலும் ஓரிரு வாட்டுக்கு மேல் இராது. மேலும், இரு கருவிகளுள் ஒன்று ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலும், ‘இது உரக்க இருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லை. ‘இது தெளிவாக இருக்கிறது’ என்றே சொல்கிறோம். ஆகவே இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடுவது, கால் வைத்த தராசில் பண்டம் நிறுப்பது போன்றதாகும்.

ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் கம்பியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. பள்ளியில் படித்த ஓமின் விதி இதற்குப் போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரணச் செப்புக் கம்பிக்கு, மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம் மின்தடை உண்டு. ஒலிபெருக்கி மூன்று மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் ஆறு மீட்டர், மின்தடை 0.042 ஓம். ஒலிபெருக்கியின் மின்தடை எட்டு ஓம் என்று கொண்டால், கம்பியால் நேரும் இழப்பு ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பி வெள்ளியாலானாலும் மீட்டு எடுக்கக்கூடியது அந்த இருபதில் ஒரு பங்கிற்குள்தான். இக்கணக்கை நான் 1994-இல் போட்டுப் பார்த்திருந்தால், ஒரு மாதச் சம்பளத்தில் பாதி எனக்கு மிஞ்சியிருக்கும். இயற்பியல் கற்பித்த ஆசிரியன் நான்!

அறிந்தவனும் ஏன் தவறுகிறான்? இதற்கு விடை ஒரு பழைய கட்டுரையில் கிடைக்கிறது. பிரெஞ்சு அறிஞர் தெனி தித்ரோ, 1769-இல் தம் பழைய அங்கியைப் பிரிந்த வருத்தத்தைப் பற்றி எழுதினார். அவருக்கு அழகிய செந்நிற அங்கி ஒன்று கிடைத்தது. அதன் அருகே அவருடைய வைக்கோல் நாற்காலி அவலட்சணமாகத் தோன்றியது. தோல் நாற்காலி வந்தது. பிறகு மேசை, படங்கள், அலமாரி என்று ஒவ்வொன்றாக மாறின. பழைய அங்கிக்குத் தாம் தலைவராக இருந்ததாகவும், புதிய அங்கிக்கு அடிமையாகிவிட்டதாகவும் அவர் வருந்தினார். ஒரு புதிய பொருள் மற்ற பொருள்களையெல்லாம் பழையனவாக்கும் இந்த இயல்புக்கு, 1988-இல் கிராண்ட் மெக்கிராக்கன் என்னும் கனடா நாட்டு மானிடவியலறிஞர், தித்ரோவின் பெயரையே சூட்டினார். ஒலிக்கருவிகளோ ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்தவை. ஆதலால் அங்கியைவிட இங்கே அந்த இயல்பு விரைவாகப் பரவுகிறது.

இவ்வளவையும் மாற்றுகிறவர் பெரும்பாலும் மாற்றாத ஒன்று உண்டு. அதுதான் அறை. ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி நேராக மட்டும் நம்மிடம் வருவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பியும் வருகிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். பன்னிரண்டு அடி நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களிடையே சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலியும் அதன் இரு மடங்கான 94 ஹெர்ட்ஸ் ஒலியும் சிக்கி முழங்கும். ஆகவே தாழ்ந்த முழவோசை சுவரோரத்தில் மிகுந்தும், அறையின் வேறோர் இடத்தில் மெலிந்தும் கேட்கும். எத்தனை விலையுயர்ந்த கருவியும் இதனைத் தானாகத் தீர்த்துவிடாது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ஆம் ஆண்டில் ஒரு புதிய விரிவுரைக் கூடம் இருந்தது. அங்கே பேசினால் சொல்லுக்குமேல் சொல் முழங்கி எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்குவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் புதிய கருவி எதனையும் நாடவில்லை. அருகிலிருந்த நாடகக் கூடத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்தார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச்செய்து, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கூட்டி அளந்தார். பொழுது விடியுமுன் மெத்தைகளை அவற்றின் இடத்தில் கொண்டு சேர்த்தார். இவ்வுழைப்பிலிருந்து, கூடத்தின் கொள்ளளவுக்கும் ஒலியை உறிஞ்சும் பரப்புக்கும் முழக்க நேரத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவாயிற்று. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவ்விதியைக் கொண்டு அமைக்கப்பட்டது. நம் வீட்டிலும் அவ்விதி செல்லும். ஒலிபெருக்கியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். வெறுஞ்சுவருக்குமுன் புத்தக அலமாரியை வையுங்கள். தரையில் ஒரு சமுக்காளத்தை விரியுங்கள். சன்னலுக்குக் கனத்த திரை இடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவிட்டும் கிட்டாத தெளிவு இவற்றால் கிட்டுவதை நான் கண்டிருக்கிறேன்.

இனி என் கதையைச் சொல்லவேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் இசை கேட்பதற்கு இருந்தது பஞ்சாயத்து வானொலி ஒன்றே. மாலையில் அதன் கூம்பு ஒலிபெருக்கியின்கீழ் ஊரார் கூடுவர். மத்திய அலை ஒலிபரப்பில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அநேகமாக வருவதில்லை என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். இன்றைய அளவுகோலால் அது மிகக் குறையுடைய இசை. ஆயினும் நாதசுரத்துக்குத் தலையசைத்தவர்களையும், பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்களையும் அங்கேதான் கண்டேன். என் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

1994-இல் சேமநிதியில் கடன் பெற்று ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கிகளும் வாங்கினேன். தாயார் என்னோடு இருந்தார். ஒரு நாள் மாலை, தாம் இளமையில் கேட்ட பழைய பாட்டு ஒன்றைப் போடும்படி கேட்டார். போட்டேன். பல்லவி முடிவதற்குள் எனக்கு ஒரு ஐயம் எழுந்தது. பாட்டை நிறுத்திக் கம்பியை மாற்றினேன், முதலிலிருந்து போட்டேன். மீண்டும் நிறுத்தினேன், பழைய கம்பியைப் பூட்டினேன். நான்காம் முறை நிறுத்தியபோது அவர், “ஏன் தம்பி, அந்தப் பாட்டை முழுசாப் பாட விடேன்” என்றார். “இதோ அம்மா, ஒரு நிமிஷம்” என்றேன். அந்த நிமிடம் நீண்டது. அவர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். அதன்பின் என்னிடம் அவர் பாட்டுக் கேட்கவேயில்லை. சில ஆண்டுகளில் காலமானார். அந்தப் பாட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. மிகத் தெளிவான ஒலியில் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் செவியைப் பரிசோதித்துக்கொண்டேன். மருத்துவர் காட்டிய வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்துகொண்டே சென்றது. “இந்த வயதில் இது இயல்புதான், சார்” என்றார் அவர். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் பிறவியில் சுமார் 15,000 இருக்கின்றன. முதுமையாலும் பேரொலியாலும் அவை அழிகின்றன. மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த ஒலிகளைத் துல்லியமாக வெளியிடுவதற்கென்றே நான் பல ஆண்டுகள் பொருளைச் செலவிட்டேன். அவ்வொலிகளைக் கேட்கும் ஆற்றலோ அதே ஆண்டுகளில் என்னைவிட்டு நீங்கிக்கொண்டிருந்தது. உயர்ந்த கருவியை வாங்கப் பணம் சேரும் வயதில் செவி தேய்ந்துவிடுகிறது. செவி நிறைந்திருக்கும் வயதோ உங்களுடையது.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் உள்ள கருவிகளுள் விலைமதிப்பற்றதும் மாற்ற இயலாததும் செவி ஒன்றே. அதனைக் காப்பது எளிது. 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலுக்கு 20 மணி, 86 டெசிபலுக்கு 10 மணி. பேருந்தின் இரைச்சலை வெல்வதற்காக இயர்போனின் ஒலியைக் கூட்டும்போது இக்கணக்கை நினைவிற்கொள்ளுங்கள். இசை நின்றபின் காதில் இரைச்சல் கேட்டால், செவி தரும் எச்சரிக்கை அது.

கருவியே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உடைந்த குரலில் கரகரக்கும் கருவியை மாற்றத்தான் வேண்டும். வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கருவியில் இன்ன குறை இருக்கிறது என்று பிறர் சொல்லாமல் எனக்கே கேட்டதா? கருவியை இடம் மாற்றியும் அறையைச் சீர்செய்தும் பார்த்தேனா? எது எது என்று அறியாமல், ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டபோதும் புதியதையே தேர்ந்தேனா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை வந்தால் மனநிறைவோடு வாங்கலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், பணத்தைப் பையிலேயே வைத்து ஒரு மாதம் பொறுங்கள். அப்பணத்தில் நேரில் ஒரு கச்சேரி கேட்டுவந்தால் இன்னும் நன்று. மேடையில் வாசிக்கும் வீணையைக் கேட்டறியாதவன், பெட்டிக்குள் வாசிக்கும் வீணையை எதனோடு ஒப்பிடுவான்?

திருவள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் வகுத்துச் செவியால் வரும் செல்வத்தைப் போற்றினார். அவர் கருதியது கற்றோர் சொல்லைக் கேட்பது; இசைக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். வகுப்பு முடியும்போது வீட்டுப்பாடம் தருவது என் பழைய வழக்கம். இன்றும் ஒன்று தருகிறேன். இன்றிரவு உங்கள் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ, அதிலேயே ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். வீட்டில் பெரியவர் எவரேனும் இருந்தால், எந்தப் பாட்டு வேண்டும் என்று அவரையே கேட்டு, அதனைப் போட்டுவிட்டு அவர் அருகில் உட்காருங்கள்.